இரண்டு பேர் கொடுத்த ஒரே புரோகிராம்

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இன்ஜினீயரிங் முதலாமாண்டு சேருமுன் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் அடிப்படைப் படிப்பு முடிக்க வேண்டும். கணக்கு, இயற்பியல், கம்ப்யூட்டர். ஒன்றில் கோட்டைவிட்டாலும் இடம் போச்சு, விசாவும் போச்சு. அவளும் அவளுடைய சித்தி மகனும் ஒரே வகுப்பு. ஒரு தொழிற்சாலையில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள் அவள். அவன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவன். அம்மா போனபிறகு அவளைத் தூக்கி வளர்த்தது சித்திதான்.

கடைசிப் பருவத்தில் ஒரு லிஃப்டை இயக்கும் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எந்த மாடிக்கு முதலில் போக வேண்டும் என்று அது முடிவுசெய்ய வேண்டும். மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டி எழுதிக் கொடுத்தாள். நாலாம் நாள் இருவருக்கும் கடிதம் வந்தது. இரண்டு புரோகிராமும் அச்சு அசலாக ஒன்று. மூன்றாம் மாடியில் கதவு இரண்டு தடவை திறக்கிற தப்புகூட இரண்டிலும் இருக்கிறது. விசாரணைக்கு வரவும்.

நேரே அவன் அறைக்குப் போனாள். கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடியே ஒப்புக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அவள் கீழே துணி துவைக்கப் போயிருந்தபோது லேப்டாப்பிலிருந்து எடுத்தானாம். பார்த்துப் புரிந்துகொண்டு சொந்தமாக எழுதத்தான் நினைத்தானாம். நேரம் போதவில்லையாம். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா."

விதிமுறைத் தாளைப் பத்துத் தடவை படித்தாள். எழுதியவருக்குத் தெரியாமல் எடுத்தவனுக்கு வெளியேற்றம். தெரிந்தே கொடுத்து வாங்கியிருந்தால் இருவருக்கும் பூஜ்யம். ஆனால் மறுதேர்வு உண்டு. மறுதேர்வென்றால் அவள் தேறிவிடுவாள், அவனையும் எப்படியாவது தேற்றிவிடலாம். அவனோடு கலந்துபேசக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

விசாரணை அறையில் அந்த அடிப்படைப் படிப்பின் தலைவி, கம்ப்யூட்டர் ஆசிரியர், குறிப்பெடுக்கும் பெண் என மூன்று பேர். முதலில் அவளைக் கூப்பிட்டார்கள்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள்.

பிறகு அவன் உள்ளே போனான். அவள் வராந்தா நாற்காலியில் காத்திருந்தாள். கால்மணி நேரம் கழித்து அவளை மறுபடி அழைத்தார்கள். அவன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். அக்காவுக்கு எதுவும் தெரியாது, நான்தான் திருடினேன் என்று அவன் சொல்லிவிட்டதாகத் தலைவி தெரிவித்தார். யோசித்துப் பதில் சொல்லும்படி நிதானமாகவே கேட்டார். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வெளியேற்றப்படுவதும் சித்தியின் முகமும்தான் அவள் கண்ணில் நின்றன.

"அவன் பயத்துல சொல்றான். குடுத்தது நான்தான்."

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதால் அவனுக்கு மறுதேர்வு. விசாரணையில் இரண்டு முறை பொய் சொன்னதற்காக அவளுக்கு வெளியேற்றம். மேல்முறையீடு எழுதினாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து புரோகிராமைத் திரும்ப எழுதிக்காட்டுகிறேன் என்று தலைவியின் அறை வாசலில் நின்று கெஞ்சினாள். எழுதியது நீதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை, பிரச்சினை அதில்லை என்றார் அவர். மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

நானும் வந்துவிடுகிறேன் என்று பெட்டியை எடுத்தவனைத் திட்டித் தேர்வுக்கு அனுப்பினாள். அவன் தேர்வறையில் இருந்த நேரத்தில் அவள் விமானத்தில் இருந்தாள்.

வீட்டுக் கதவைச் சித்திதான் திறந்தாள். அவன் ஏற்கெனவே போனில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தான். சித்தி பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

"உன்னை யாருடி பொய் சொல்லச் சொன்னது? அவன் எனக்குப் பிள்ளைன்னா, நீ மட்டும் யாரு? என்னன்னு நெனச்சே நீ என்னை?"

அவள் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடிக்க, அழுதாள். சித்தியும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருவரில் யாரும் மற்றவரைத் தேற்றவில்லை.