வலப்பக்கத்துப் புகை

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. என் தங்கை புருஷனை எனக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது. அளவுக்கு மீறிச் சிரிப்பார். (இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்காதீர்கள். எனக்கு இது போதும்.)

முதல் வரியை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: கிழிந்த இறக்கையோடு ஓர் ஈ, காற்றின் மீது நம்பிக்கை வைத்து—

சீ. ஈக்கு என்ன நம்பிக்கை? விட்டுவிட்டேன்.

2

விஷயம் இதுதான். தங்கைக்கும் அவள் புருஷனுக்கும் ஒரே ஆய்வுக்கூடம். ஈயின் முதுகில் துளி பசை வைத்து மெல்லிய கம்பியில் ஒட்டுவார்கள். கால் எதிலும் படாதவரை அது இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு குழாய் வழியாகப் புகை விடுவார்கள். இறக்கை வீசும்போது முன்விளிம்புக்கு மேலே காற்று சின்னதாய்ச் சுழலும். ஈயைத் தூக்கிப் பிடிப்பதில் அந்தச் சுழலுக்குப் பெரிய பங்கு. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இறக்கை புரண்டுகொண்டு திரும்பி வீசும். நம் கண்ணுக்குத் தெரியாது, அதிவேகக் கேமராவுக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் ஆராய்ச்சி என்ன? ஒரு பக்க இறக்கை கிழிந்தால், ஈ அந்தப் பக்கத்தை இன்னும் அகலமாக வீசிச் சமாளிக்கிறது. இடது கிழிந்தாலும் சரி, வலது கிழிந்தாலும் சரி. நாளை அவருக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் முனைவர் பட்டம், கையோடு வேலை.

3

நேற்று தங்கை என் சமையலறையில் மடிக்கணினியைத் திறந்து, அவர் ஆராய்ச்சியில் வரும் வலது கிழிந்த ஈயின் படத்தைக் காட்டினாள்.

"அக்கா, புகை எந்தப் பக்கத்துலேர்ந்து வருது பாரு."

"வலது."

"குழாயைச் சுவத்தோட திருகி வச்சிருக்கோம். இடது பக்கம்."

"அப்ப?"

"இடது கிழிஞ்ச ஈயோட படத்தையே கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கு. வலது கிழிஞ்ச ஈன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"திருட்டுப் பய!" என்றேன். (எவ்வளவு சந்தோஷம் எனக்கு! இப்போது வெட்கமாக இருக்கிறது.)

4

முடிவு ஒன்று: தங்கை சொல்லிவிடுகிறாள், பட்டமும் போகிறது, குடும்பமும்—

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறாள், அவர் பட்டம் வாங்குகிறார், இவள் தினமும்—

எப்படி முடிப்பது என்று தெரியாமல், இன்று அவள் வந்தபோது அவளிடமே படித்துக் காட்டினேன். முகம் செத்துப்போனது.

"அவர் பண்ணாருன்னு நான் சொன்னேனா?"

"பின்ன யாருடி?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையிடமிருந்து போன்.

"அண்ணி, நாளைக்குக் கண்டிப்பா வந்துடணும். வலப்பக்கப் படமெல்லாம் உங்க தங்கச்சி எடுத்துக் கொடுத்ததுதான். அவ இல்லேன்னா நான் இல்ல." சிரித்தார்.

வெகுளியாகச் சொல்கிறாரா? மாட்டினால் பழியை அவள் தலையில் போட இப்போதே வழி பண்ணுகிறாரா? இல்லை, நேற்று அவள் என்னிடம் காட்ட வந்தது தன் தப்பையேதானா? ஐயோ, அவளையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேனே!

நாளை அந்தத் தேர்வு அறைக்கு வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாமாம். என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் போய்க் கேளுங்கள். எனக்கு இருப்பது ஒரே தங்கை.