ஏலாது என்ற ஒரு சொல்

பனி போர்த்த பள்ளத்தாக்கின் மீது ஏறத் தயங்கிய மாரிக் கதிரவன் ஊசியிலை மரங்களினூடே மங்கலாய் ஒளிர, ஒசுலோ நகரின் வடகீழ்ச் சரிவில் ரொம்சோசுக் குடியிருப்பின் அடுக்குமாடிகள் சாளரந்தோறும் விளக்கேற்றி, முற்பகலாகியும் விடியலுக்குக் காத்திருந்தன. அவற்றுள் நான்காம் மாடியில், நடுக்குவாதம் பற்றி ஒன்பதாண்டு கடந்த இராசதுரை நாற்காலியில் அமர்ந்திருக்க, அவரைத் தூக்கித் தூக்கியே தோள் பிசகிய மனைவி யோகராணி ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி நின்றிருந்தாள்.

அன்புடையீர், தோள் பிசகியதற்கு நோயை மட்டும் நோவது முறையன்று. சென்ற ஆண்டு, வீட்டுக்கு உதவியாள் வேண்டுமா என்று ஆராய நகராட்சிப் பெண் அலுவலர் வந்த நாளில், இந்தப் பெரிய மனிதர் நேரம் பார்த்து நடுக்கம் அடக்கும் குளிகையை விழுங்கி, கழுத்துப்பட்டி கட்டி, தம் கையாலேயே தேநீர் வார்த்து, கேட்டதற்கெல்லாம் ‘ஏலும்’, தம்மால் முடியும் என்றே விடையிறுத்தார். அவளும் வியந்து, உதவி வேண்டா என்று எழுதிப் போனாள். முப்பதாண்டு வீதிப்பனி வாரியபோது அவரைத் தாங்கிய அதே விட்டுக்கொடாமை, இப்போது யோகராணியின் தோளில் ஏறி அமர்ந்தது.

இன்று அந்த அலுவலரே மீண்டும் வருகிறாள்.

“இந்தாங்கோ, குளிகை. அவள் பதினொரு மணிக்கு வந்திடுவாள்.”

“இப்ப வேண்டாம். அவள் பாத்திட்டுப் போகட்டும்.”

“பிறத்தியாருக்கு முன்னாலை நடுங்கிக்கொண்டு இருக்கப் போறியளோ? வெக்கமா இருக்காதோ?”

“இருக்கும். மற்றத் தோளும் போனால் எங்கள் ரெண்டு பேரையும் ஆர் தூக்குறது?”

அலுவலர் வந்தாள். இராசதுரை தேநீர் வார்க்க முனைய, கோப்பை கவிழ்ந்து சட்டை நனைந்தது. யோகராணி தலைகுனிந்தாள்.

“நீங்களாகவே சட்டை மாற்றுவீர்களா?” என்று அலுவலர் மெல்லக் கேட்டாள்.

பழகிய சொல் நாநுனி வரை வந்தது. அதை விழுங்கி, “ஏலாது,” என்றார் நோர்வே மொழியில். “குளிகையை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். அன்று நீங்கள் கண்டது என் நல்ல பொழுதை மட்டும். மற்றப் பொழுதுகளை இவள் மட்டுமே காண்கிறாள்.”

அலுவலர் நெடுநேரம் எழுதினாள்; கிழமையில் ஏழு நாளும் காலையில் ஆள் வர வேண்டும் என்று பரிந்துரைப்பதாகச் சொல்லி எழுந்தாள்.

நோயால் இறுகிய அவர் முகத்தில் ஓரசைவும் இல்லை. கண்ணீர் மட்டும் தன் போக்கில் வழிந்தது. யோகராணி நலமுள்ள கையால் குளிகையை அவர் வாயிலிட்டாள். முப்பதாண்டு வாரிய பனியெல்லாம் சேர்ந்தும் ‘ஏலாது’ என்ற அந்த ஒரு சொல்லின் பளுவுக்கு ஈடாகவில்லை. அதனையும் அவர் அன்று வாரி எறிந்திருந்தார்.