செவுள் சிவப்பு

விடிந்ததும் புருஷனின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பது கமலவேணிக்குப் பல வருஷப் பழக்கம். ராஜ்கமலுக்குப் பித்தக்குழாயில் தீராத நோய். குழாய் சுருங்கிச் சுருங்கி அடைக்கும், கண் மஞ்சளாகும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். அங்கே உள்ளே சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்து அனுப்புவார்கள். முத்தியால்பேட்டையில் மீன் விற்கிற வேணி, மீன் புதுசா என்று செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கும் அதே விரலால்தான் இமையையும் இழுப்பாள்.

“நான் இன்னா மீனாடி?” என்பான் அவன்.

போன மாதம் டாக்டர் கவிநிலா, சுருங்கின இடத்தில் பிரஷ் விட்டுத் தேய்த்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை என்று வந்தது. வேணி மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தால், டாக்டர் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

“இந்த நோய் இருக்கறவங்களுக்குப் புற்று வந்தா கண்டுபிடிக்கறது கஷ்டம்மா. பிரஷ்ல சிக்கலன்னா இல்லவே இல்லன்னு அர்த்தம் கிடையாது. ஸ்கேன்ல குழாய் முன்னவிட சுருங்கியிருக்கு. திரும்ப எடுக்கணும்.”

இல்லை என்று வந்த பிறகும் இல்லை என்று அர்த்தம் கிடையாதாம். இது என்ன நியாயம்? ராஜ்கமல் முடியாது என்றான். கண் பளிச்சென்று வெள்ளையாக இருந்ததால் வேணியும் அவன் பக்கமே சாய்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, “ரெண்டு மாசம் போவட்டும்மா” என்று அவளேதான் சொன்னாள்.

சொன்னதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. காலை மீன் ஏலத்தில் வேறு யார் பெயரைக் கூப்பிட்டாலும் இவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அன்றைக்கு எடுத்து வந்த வஞ்சிரத்தை வாடிக்கைக்கார அம்மா ஒருத்தி வயிற்றில் அமுக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

“இன்னா வேணி, கெட்டுப்போன மீன என் தலையில கட்டப் பாக்குற?”

“செவுளு செவப்பாத்தான...” என்று ஆரம்பித்தவள் தானும் ஒரு தடவை மீனை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கிப் பார்க்காமல் அவள் மீன் எடுத்ததே கிடையாது. இன்று செவுளோடு நிறுத்திவிட்டிருந்தாள். கூடையைப் பக்கத்தில் விற்கிற அஞ்சலாட்சியிடம் தள்ளிவிட்டு, ராஜ்கமல் வேலை பார்க்கும் தட்டாஞ்சாவடி கம்பெனிக்கு ஆட்டோ பிடித்தாள்.

“கெளம்புயா, ஆஸ்பத்திரிக்கு.”

“அதான் இல்லன்னு வந்துச்சே?”

“செவுள மட்டும் பாத்துட்டேன்யா. வா.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான்.

மறுபடி தேய்த்து எடுத்தார்கள். இந்தத் தடவை துளி சதையும் கிள்ளி எடுத்தார்கள். முடிவு வரும்வரை வேணி பெருக்கின வாசலையே திரும்பத் திரும்பப் பெருக்கினாள்.

“இருக்கும்மா,” என்றார் கவிநிலா. “ஆனா சின்னதா இருக்கு, பரவல. இப்பவே வந்ததால வைத்தியத்துக்கு வழி இருக்கு.”

வெளியே வந்ததும் ராஜ்கமல் தன் இமையைத் தானே இழுத்துக் காட்டினான். “பாருடி, வெள்ளையாத்தான இருக்கு?”

வேணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். “அது அன்னிக்கும் வெள்ளையாத்தான்யா இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் ரெண்டு மாசம் போவட்டும்னு சொன்னேன்,” என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஓவென்று அழுதாள்.