முதல் கத்தி

ஆயுத பூசைக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை பத்தே முக்காலுக்குப் பெட்டி வந்தது. மதுரையிலிருந்து கூடவே வந்த அதிகாரி சௌடேஸ்வரியம்மன் கோயில் மண்டபத்தில் மேசை போடச் சொல்லி, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் திறந்தார். உள்ளே கறுப்புப் பஞ்சில் கத்தி கிடந்தது. ஆயுதச் சட்டம் வந்த வருஷம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி எடுத்துப்போன கோயில் கத்தி. நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஸ்காட்லாந்தில் ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் இருந்துவிட்டு வந்திருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோரும் கத்தியைப் பார்த்தார்கள். தூணோரம் நின்ற சௌந்தர் அரவிந்த்குமாரைப் பார்த்தான்.

அரவிந்த்குமார் அவனுடைய சித்தப்பா மகன். நான்கு வயது இளையவன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அந்த அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில், படத்துக்குக் கீழே அருப்புக்கோட்டை நெசவாளர் கோயில் என்று எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தவன் அவன்தான். மூன்று வருஷம் விடாமல் மெயில் அனுப்பினான். கோயிலின் பழைய காகிதங்களைத் தேடிப் படமெடுத்து அனுப்பினான். கத்தி வந்துவிட்டது. அவனுடைய கன்னடம்கூட மாறியிருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு பேசும் தமிழ் கலந்த கன்னடம் இல்லை. டிவியில் வருவதுபோலப் பேசினான். கிழவிகள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோயில் தலைவர் திம்மையா மைக்கை வாங்கினார். அதிகாரிக்கும் புரியட்டும் என்று தமிழில் பேசினார்.

"இந்த வருசம் மொதக் கத்தி நம்ம அரவிந்துதான். கொண்டாந்தவன் கையாலயே அம்மாவக் கூப்புடட்டும். சௌந்தரு ஒண்ணும் நெனைக்க மாட்டான். என்னப்பா சௌந்தரு?"

கூட்டம் திரும்பியது. சௌந்தர் தலையை ஆட்டினான்.

விஜயதசமி காலையில் ஊருக்கு வெளியே கிணற்றடியில் குடத்தில் அம்மனை அழைப்பார்கள். ஆண்கள் தங்கள் வெற்று மார்பிலேயே கீறல் விழக் கத்தியை வீசி, தீசுக்கோ தாயே, அதாவது ஏற்றுக்கொள் தாயே, என்று கூப்பிட்டால்தான் குடம் கிளம்பும். முதல் வீச்சு ஒருவனுடையது. அவன் வீசிய பிறகுதான் மற்ற முப்பது பேரும் வீசலாம். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒருவன் சௌந்தர். விசைத்தறிக் கூடத்தில் அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவனுக்கு மேஸ்திரி ஆனார்கள். ரேஷன் கடையில் யாராவது முன்னால் நுழைந்தால் ஒன்றும் சொல்ல மாட்டான். வருஷத்தில் அந்த ஒரு காலை மட்டும் அவன் நகராமல் ஊர் நகராது.

மறுநாள் தறிக்கூடத்தில் பொன்னுச்சாமி நூல்கோன்களை அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"ஏலே, ஒங் கத்திக்கு ரிட்டயர்மெண்டாம்ல. பென்சன் உண்டா?"

"அது லாரிப் பட்டையில அடிச்சதுடா. தேயாது."

"தேயாது, சரி. லண்டன் போயி வந்துச்சா?"

பக்கத்துத் தறிக்காரர்கள் சிரித்தார்கள். சௌந்தரும் சிரித்தான். பரளச்சி ஊர் ஆசாரி பழைய லாரியின் வில்பட்டையை அடித்துச் செய்து கொடுத்த கத்தி அது. அன்றுவரை அதில் ஒரு குறையும் அவனுக்குத் தெரிந்ததில்லை. வீட்டுக்குப் போனபோது மனைவி வேணி வழக்கம்போல, கத்தி வீசும்போது அவன் கட்டும் மஞ்சள் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

ஆயுத பூசையன்று தறிகள் ஓடவில்லை. மத்தியானம் திம்மையா கோயில் சாவியைக் கொடுத்தார். "எண்ணெ போட்டு வையிப்பா. ஒனக்குத்தான் கைப்பழக்கம்." மண்டபத்தில் யாருமில்லை. சௌந்தர் கத்தியை மடியில் வைத்து, பெண் பார்க்கப் போன இடத்தில் குறை தேடும் அத்தைபோல அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். துரு இல்லை. வளைவு சுத்தமாக இருந்தது. அடியில் விரல்நக அளவுக்கு ஒரு தாமரை செதுக்கியிருந்தது. எழுந்து நின்று பிடித்தான். கனம் உடனே கைக்குள் வந்து உட்கார்ந்தது. அவனுக்கென்று அளந்து செய்ததுபோல இருந்தது. இருபத்திரண்டு வருஷம் லாரிப் பட்டையைச் சுமந்தவன் நான், இது அரவிந்துக்கா என்று நினைத்தான்.

மெதுவாக ஒருமுறை வீசினான். பிடிக்குள் டக்கென்று ஏதோ அசைந்தது.

மறுபடி வீசினான். மறுபடி டக். பிடியின் வாயில் விரலை ஓட்டினான். பழுப்பாகப் பொடி ஒட்டிக்கொண்டது. இந்தக் கத்திகளுக்கு ஆணி கிடையாது. பிடிக்குள் உருக்கி வார்த்த அரக்குதான் கத்தியை இறுக்கி வைத்திருக்கும். தன் கத்திக்கு அவன் வருஷா வருஷம் புது அரக்கு வார்ப்பான். கண்ணாடிக்குள் கிடந்த கத்திக்கு அது தேவைப்படவில்லை. குளிரில் கிடந்த அரக்கு இந்த வெயிலுக்கு வந்ததும் உதிர்ந்துவிட்டது. நான்கு வீச்சு தாங்கலாம். ஐந்தாவதில் பிடி மட்டும் கையில் இருக்கும்.

அரக்கு வீட்டில் இருந்தது. கரி கோயில் மடைப்பள்ளியில் இருந்தது. அரை மணி நேர வேலை. திம்மையாவிடம் சொன்னால், வயிற்றெரிச்சலில் சொல்கிறான் என்பார்கள். அது பொய்யுமில்லை. கத்தி நழுவி மண்ணில் விழுவதை அவன் நினைத்துப் பார்த்தான். உறுமி நிற்கும். எல்லோரும் தன் பக்கம் திரும்புவார்கள். தன் கையில் லாரிப் பட்டை இருக்கும். அதை இன்னொரு முறை நினைத்துப் பார்த்தான். பிறகு விரலை வேட்டியில் துடைத்தான். எண்ணெய் போட்டு, மாலை சுற்றி, பூட்டிவிட்டுப் போனான்.

விஜயதசமி காலை ஏழு மணிக்குக் கிணற்றடியில் குடம் தயாராக இருந்தது. அரவிந்த்குமார் சட்டையில்லாமல் நின்றான். மஞ்சள் பூசிய மார்பில் ஒரு தழும்புகூட இல்லை. அவன் மனைவி அஷ்வினி இரண்டு கை தூரத்தில் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். போன் முகத்தை மறைத்திருந்தது. கழுத்து தெரிந்தது. சௌந்தர் அரவிந்த்குமாருக்குப் பின்னால், இரண்டாவதாக நின்றான். அவன் நினைத்துப் பார்த்ததில் கத்தி மண்ணில்தான் விழுந்தது. அங்கே யாரும் நின்றிருக்கவில்லை.

உறுமி தொடங்கியது. திம்மையா குடத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுக் கையை உயர்த்தினார். தீசுக்கோ தாயே என்று கூட்டம் கூப்பிட்டது. அரவிந்த்குமார் பழகிப் பார்ப்பதுபோல ஒருமுறை கத்தியைக் காற்றில் வீசினான். அந்தச் சத்தத்திலும் சௌந்தருக்கு டக்கென்றது கேட்டது. அரவிந்த்குமார் கையைத் தாழ்த்திப் பிடியைப் பார்த்தான். ஓரடி பின்னால் வந்தான். சின்ன வயதில் தெருவில் பம்பரம் விட்டபோது பேசிய தமிழில், யாருக்கும் கேட்காமல் கேட்டான்.

"அண்ணே, பிடி ஆடுதா, இல்ல எங் கை ஆடுதா?"