நூற்றெண்பத்தாறு வட்டங்கள்

"இந்த ரெண்டு வரியத் தூக்கிடுங்க" என்று சிவராமகிருஷ்ணன் மோதிர விரலால் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டபோது அன்புச்செல்வனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வரிகள் அவனையும் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தன. பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ். வெள்ளைப் பின்னணியில் சிவப்பும் பச்சையுமாக நூற்றெண்பத்தாறு வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தொழிலாளியின் டோக்கன் நம்பர். பார்க்கப் பார்க்க அழகு. அதன் அடியில் போய், 'சிவப்பு: நெஞ்சில் நிழல், மேல் பரிசோதனை அவசியம். பச்சை: நலம்' என்று எழுதுவது கல்யாணப் பெண்ணின் நெற்றியில் விலைச்சீட்டு ஒட்டுவது மாதிரி.

சிவராமகிருஷ்ணன் பீங்கான் முதலாளிகள் சங்கத்தின் தலைவர். 2007ஆம் வருடத்துக் கோடையில் சென்னை ஓட்டலொன்றில் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய் வந்தார். அன்றிலிருந்து 'விஷுவல்' என்ற சொல் அவர் வாயில் வெற்றிலைபோல் ஊறிக் கிடந்தது. கூட்டத்துக்கு வராத உறுப்பினர்களைக்கூட வட்டம் போட்டு, கேக் மாதிரி துண்டு போட்டுக் காட்டச் சொன்னார். தொழிலாளர்களுக்கு எக்ஸ்ரே முகாம் நடத்திய டாக்டர் பிரியம்வதா பதினாலு பக்க அறிக்கையை அனுப்பிவிட்டு, "ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு வாயால சொல்லிடுங்களேன்" என்று போனில் கேட்டுக்கொண்டார். அந்தம்மாவுக்கு கம்யூனிகேஷன் போதாது என்று தலைவர் முடிவு கட்டிவிட்டார்.

"எழுத்து வந்துட்டா விஷுவல் செத்துப்போச்சுன்னு அர்த்தம், மிஸ்டர் அன்பு. சிக்னல்ல வெளக்கம் எழுதியா வச்சிருக்கான்? செவப்புன்னா ஆபத்து, பச்சைன்னா போ. உலக மொழி. அதோட, படிக்காத ஜனங்க பாருங்க."

விருத்தாசலத்தில் சிக்னல் என்று ஒன்றுக்காக எவனாவது வண்டியை நிறுத்தியதாக அன்புச்செல்வனுக்கு ஞாபகமில்லை. ஆனாலும் தலையாட்டினான். கடலூர் ரோட்டிலிருந்த அவனுடைய ஃப்ளெக்ஸ் கடையில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்றே எட்டு வருடம் ஓடிவிட்டது. இதுதான் அவன் செய்த முதல் 'தகவல் வடிவமைப்பு'. அந்த இரண்டு சொல்லையும் விசிட்டிங் கார்டில் எந்த எழுத்துருவில் போடலாம் என்று யோசித்தபடியே வரிகளை அழித்தான்.

திங்கட்கிழமை போர்டு தொழிற்பேட்டை வாசலில் ஏறியது. கூடவே மைக்கில் அறிவிப்பு: உடம்பில் கோளாறு உள்ளவர்களைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போக வியாழக்கிழமை பத்து மணிக்கு பஸ் வரும், யாருக்கு என்ன என்று போர்டில் பார்த்துக்கொள்ளவும். சிவப்பு மொத்தம் பதினேழு. இந்த முறை விட்டால் அடுத்து எப்போது இடம் கிடைக்கும் என்று டாக்டருக்கே தெரியாது.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு அன்புச்செல்வன் கேமராவோடு போனபோது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படம் இத்தனை பேரைக் கிளப்பிவிட்டதே என்று அவனுக்கு நெஞ்சு விம்மியது. நாலைந்து போட்டோ எடுத்த பிறகுதான் கணக்கு இடித்தது. பதினேழு பேருக்கு எதற்குத் துண்டு?

படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த, தரம் பிரிக்கும் வேலை பார்க்கும் வீராயியிடம் டோக்கனைக் கேட்டான். எழுபத்து மூன்று. ஒவ்வொரு வட்டத்துக்கும் தன் கையால் நிறம் போட்டவனுக்கு ஞாபகம் இருக்காதா?

"ஒனக்குப் பச்சையாச்சே, நீ ஏன் வந்த?"

"பச்சைன்னுதான்யா வந்தேன். நக்கலு பண்றியா?" வீராயி முறைத்தாள். "பதினோரு வருசமா பீங்கான் ஃபியூஸ் கட்டையத் தட்டித் தட்டிப் பாத்து இந்தக் கையால பொட்டு வைக்கிறேன். தேறினதுக்குச் செவப்பு, கீறல் வுட்டதுக்குப் பச்சை. பச்சை வச்சது எங்க போவும்? பின்னால குழியிலதான். எம்பொட்டைச் செவப்பா மாத்திக் குடு சாமின்னு நேத்தே கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டிட்டேன்."

பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தான். திடகாத்திரமான முகங்கள், திகிலோடு. டோக்கன் டோக்கனாக விசாரித்தான். ஒரு சிவப்புகூட இல்லை. எவனோ ஒரு முதலாளி அன்றைக்குக் கையில் கிடைத்த சாயத்தை வைத்து ஆரம்பித்த பழக்கம், பேட்டை முழுக்க முப்பது வருடமாக நடக்கிறது. சிவராமகிருஷ்ணனின் சொந்த கம்பெனியிலும் அதே பொட்டுதான். ஆனால் தரம் பிரிக்கும் மேசைப் பக்கம் தலைவர் போனதில்லை.

அவர் காரை விட்டிறங்கி, "பாத்தீங்களா விஷுவலோட பவர!" என்றார். அன்புச்செல்வன் காதோடு விஷயத்தைச் சொன்னான். தலைவர் போர்டையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோவுல கூட்டம் நல்லா விழுந்திருக்குல்ல?"

"சார், அந்தப் பதினேழு பேரு..."

"ஜனங்களுக்குப் படம் பாக்கத் தெரியல. அடுத்த கருத்தரங்குல இதப் பேசணும்" என்றவர் மணியைப் பார்த்தார். "பத்துக்கு பஸ் கெளம்பிடும்."

பத்து நிமிடம் இருந்தது. அன்புச்செல்வன் பீங்கானுக்குக் கல்மாவு அரைக்கும் கொட்டகைக்கு ஓடினான். டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு, பாஞ்சாலை. போன வருடம் அவள் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அன்னப்பறவை போட்டு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தவன் அவன்தான். அவனைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"வா தம்பி, எடுத்துக்க. பேட்டையிலயே பதினேழு பேருதானாம் தேறினது! மூணு வருசமா இருமி இருமிச் செத்தேன், ஒன் போர்டப் பாத்ததுலேருந்து இருமலே கொறஞ்ச மாதிரி இருக்குது."

அவன் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சோகத்துக்கு மங்கின நீலம், மெழுகுவத்தி, கண்ணீர்த்துளி எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருப்பவன். இதைச் சொல்ல அவனிடம் ஒரு படமும் இல்லை.

"யக்கா... அது தேறினது இல்லக்கா. செவப்புன்னா நெஞ்சுல நெழலு இருக்குன்னு அர்த்தம். பஸ்ஸு ஒங்களுக்குத்தான் வந்திருக்குது."

பாஞ்சாலை சிரித்தாள். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"அத ஏன் போர்டுல எழுதல?"

"எழுதியிருந்தேன். பாக்க... நல்லா இல்லன்னு எடுத்துட்டோம்."

"நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ தம்பி" என்றாள். கோபமாகக்கூட இல்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "மத்தவங்க யாரு? நம்பரச் சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல, சுவரில் விரல் கனத்துக்குப் படிந்திருந்த வெள்ளை மாவில் அவள் ஆட்காட்டி விரலால் எழுத ஆரம்பித்தாள். முதலில் 'பஸ்ஸுக்கு வரணும்' என்று. அதன் கீழே எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மாவு உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது. அரவை உருளையின் இரைச்சலைத் தாண்டி வாசலில் பஸ் ஹாரன் கேட்டது. இரண்டு ஆட்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து வந்தார்கள். ஒருவன் தன் டோக்கனைத் தடவிப் பார்த்தான். ஒன்பதாவது எண்ணின் பாதியில் பாஞ்சாலைக்கு இருமல் வந்தது. விரலைச் சுவரிலிருந்து எடுக்காமலே இருமினாள். எண்ணின் வால் கோணலாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது.