மைக் வேண்டாம் என்றவன் எழுதிய கதை

1

இந்தக் கதை ஒரு கருத்துப் படிவத்தில் பிறந்தது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று பள்ளி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. ஒரு பள்ளியில் கூட்டம் முடிந்ததும் படிவங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ‘மிக நன்று’. ஒன்றில் மட்டும், ‘விளக்கை அணைத்த பிறகு நீங்கள் பேசியது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை’ என்றிருந்தது. பெயர் இல்லை. படம் காட்டுவதற்காக விளக்கை அணைக்கச் சொன்னவன் நான்தான். எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரியாத இடத்தில்தானே கதை எழுதுகிறவனுக்குக் கொண்டாட்டம்!

2

விதி அவளுடைய காதுகளை –

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் அடுத்த வரியிலேயே நீங்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள்.)

படிவத்தை எழுதியவர் ஒரு கணக்கு டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். காது மந்தமாகி ஆறு வருடம். பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே காலம் தள்ளுகிறாள். கூட்டம் என்றால் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் இடம் பிடிப்பாள். தலைமையாசிரியரைக் காக்கா பிடிக்கிறாள் என்று சக ஆசிரியர்கள் சிரிப்பார்கள். தற்காலிக வேலை. அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். விஷயம் தெரிந்தது தங்கைக்கு மட்டும்.

“சொல்லிடுக்கா. தலையையா வாங்கிடுவாங்க?”

“தலையெல்லாம் வாங்க மாட்டாங்கடி. ‘பாவம், வீட்ல ரெஸ்ட் எடுங்க’ன்னு மரியாதையா அனுப்பிடுவாங்க.”

(அவளைக் கோழை என்று திட்டி ஆறு வரி எழுதி, அடித்துவிட்டேன். நானும் தற்காலிக வேலை பார்த்தவன்தான். மேலதிகாரி முன்னால் தும்மக்கூட யோசித்திருக்கிறேன்.)

3

தலைமையாசிரியர் மைக்கை நீட்டினார்.

“வேணாம் சார், எனக்குக் குரல் பெருசு,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

(என் தொழிலில் இதைச் சொல்லாத ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.)

விளக்கு அணைந்தது. திரையில் படம் ஓடியது. கீழே வசனம் எழுத்தில் ஓடவில்லை. காது கேளாத குழந்தையிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதை, திரையைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அருமையாக விளக்கினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“எல்லாருக்கும் கேக்குதுல்ல?” என்றார் தலைமையாசிரியர் பின்னாலிருந்து.

“கேக்குது சார்.”

கணக்கு டீச்சருக்கு அந்தக் கேள்வியே கேட்கவில்லை. திரை வெளிச்சத்தில் பக்கத்துத் தலைகள் ஆடுவது தெரிந்தது. தானும் ஆட்டினாள்.

4

முடிவு ஒன்று: எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறாள். கைதட்டல். (என் தவறு அவளுடைய துணிச்சலாகி, நான் சுலபமாகத் தப்பித்துவிடுவேன். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அடுத்த மாதம், அவளுடைய ஒப்பந்தம் – (எழுதக் கை வரவில்லை.)

கைவசம் மூன்றாவது இல்லை. ஆகையால் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உங்களை உட்காரவைத்துவிட்டு நான் கிளம்புகிறேன். விளக்கு இன்னும் எரியவில்லை, அவள் எதற்கென்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. “சார், எனக்குச் சரியாப் புரியல. லைட்டப் போட்டுட்டு எங்களப் பாத்துப் பேசுங்க” என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் உங்கள் வேலை போகாது.