என்னுடைய பாதி

கண்ணாடித் தொட்டியின் மூலையில் இரண்டு முட்டைகள் புதிதாக ஒட்டியிருந்தன. அட்டையில் தேதி எழுதினேன். தாய் என்ற இடத்தில் பதினான்காம் எண், தந்தை என்ற இடத்தில் வழக்கம்போல ஒரு கோடு. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளன் நான், துளசிங்கம். நிக்கோபாரிலிருந்து பேராசிரியர் கொண்டுவந்த இந்தப் பல்லிகளில் ஆணே கிடையாது. தாயின் மரபணு அப்படியே மகளுக்கு, மகளுடையது பேத்திக்கு. என்றைக்கோ இரண்டு இனங்கள் கலந்து பிறந்த வம்சமாம்; ஆணின் வேலை அதோடு முடிந்துவிட்டது. ஆம்பளையே வேணாமா சார் என்று வருடம் தவறாமல் ஒருவன் கேட்பான், வகுப்பு சிரிக்கும். எல்லாம் ஒரே அச்சு, ஒன்றைச் சாய்க்கிற நோய் மொத்தத்தையும் சாய்த்துவிடும் என்பேன். பெரிய ஞானி மாதிரி சொல்வேன்.

ஸ்கூலில் டீச்சராக இருக்கிற என் மகள் நிஷாவைப் பார்க்கிறவர்கள், கீழ்க்கட்டளையில் எங்கள் எதிர்வீட்டு சரளா முதற்கொண்டு, ஜோதியை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்பார்கள். அதே நெற்றி, அதே நடை. என் மனைவி ஜோதி மார்பில் கட்டி வந்து தொண்ணூற்றெட்டில் போய்விட்டாள். ஒன்பது வருடம் கழித்து, இந்த ஜனவரியில், அம்மாவுக்கு வந்த இடத்திலேயே ஏதோ தட்டுப்படுகிறது என்று நிஷா தயங்கித் தயங்கிச் சொன்னாள். பயத்தில் என் வாய்தான் முந்திக்கொண்டது.

"நீ இன்னா பல்லியா? பாதி உங்கம்மா, பாதி நானு. எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இது வந்ததில்ல. பேசாம இரு."

லேபில் வேலை செய்கிற அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள். அந்த ஆஸ்பத்திரிப் படியை மறுபடி ஏற எனக்குத் தெம்பில்லை, அதுதான் நிஜம். ஆறு மாதம் ஓடிவிட்டது.

முட்டைக்குத் தேதி போட்ட அன்று மதியம் டாக்டர் ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு வந்ததேதான், ஈரல் வரைக்கும் போயிருக்கிறது என்றார். ஏன் இவ்வளவு தாமதம் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நிஷா பதில் சொன்னாள்.

"ஸ்கூல்ல பரீட்சை டைம் டாக்டர். அப்பா போலாம் போலாம்னுதான் சொன்னாரு. நான்தான் வரல."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பள்ளிக்கரணை வந்ததும் குப்பை எரிகிற புகை உள்ளே அடித்தது, ஷட்டரை இறக்கிவிட்டேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"முட்டை வெச்சிதாப்பா?" என்றாள்.

ரெண்டு என்றேன்.

மேடவாக்கம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜோதி உதட்டை இறுக மூடிக்கொண்டுதான் தூங்குவாள்; கொசு உள்ளே போய்விடப் போகிறது என்று, வாய் பிளந்து தூங்குகிற என்னைத்தான் கேலி செய்வாள். இருபத்தாறு வருடத்தில் நான் இதைக் கவனிக்கவே இல்லை.

கண்டக்டர் கீழ்க்கட்டளை என்று குரல் கொடுத்தார். நாலைந்து பேர் இறங்கினார்கள். அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. விசில் சத்தம் கேட்டது, பஸ் கிளம்பியது, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.